ஃபால் (இலையுதிர்) காலத்தில பூக்கிற பூக்கண்டுகள்: ரொறன்ரோ பக்கத்து ஆக்கள் அடிக்கடி கேக்கிற கேள்விகள்

ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ், பிராம்ப்டன் பக்கம் வீடு வச்சிருக்கிற எங்கட ஆக்களின்ர முன் வளவைப் பாத்தீங்களெண்டா ஜூன் மாசம் பூ நிரம்பி வடிவா இருக்கும், ஓகஸ்ட் கடைசியில காஞ்ச தண்டும் ரெண்டு மூண்டு மஞ்சள் இலையும்தான் மிச்சம். ஆனா இந்த ஊரில செப்டெம்பரும் ஒக்டோபரும்தான் வெளியில நிக்க நல்ல மாசம், வெயிலும் சுடாது நுளம்பும் குறைவு. அந்த ரெண்டு மாசத்துக்கும் தோட்டத்தை எப்பிடி வச்சிருக்கிறது எண்டு கேக்கிற கேள்வியளை இதில ஒண்டாச் சேத்து எழுதிறன். தெற்கு ஒன்ராரியோவை மனசில வச்சுத்தான் எழுதிறன், கல்கரி வின்னிபெக் ஆக்கள் திகதியளைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளிப் பாருங்கோ.

பெரெனியல் எண்டா என்ன, அனுவல் எண்டா என்ன?

அனுவல் ஒரு வருசத்தோட சரி, முதல் உறைபனியோட செத்துப்போகும். பெரெனியல் மேல காஞ்சுபோனாலும் வேர் மண்ணுக்க உயிரோட கிடந்து அடுத்த வசந்தத்தில திரும்ப வரும். சாடியில குத்தியிருக்கிற லேபிளில ஸோன் நம்பர் இருக்கும், கண்டு எவ்வளவு குளிர் தாங்கும் எண்டதைக் காட்டுற நம்பர் அது, நம்பர் குறையக் குளிர் கூட. ரொறன்ரோ 6, 7 எண்டு வரும், ஒட்டாவா 5. லேபிளில உங்கட நம்பரோ அதைவிடக் குறைஞ்ச நம்பரோ இருந்தா பயப்பிடாம வேண்டலாம்.

நானும் ஒவ்வொரு வருசமும் காசு செலவழிச்சுப் பூக்கண்டு வைக்கிறன், ஏன் ஓகஸ்டோட எல்லாம் முடிஞ்சு போகுது?

நீங்கள் எப்ப கடைக்குப் போறீங்கள் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. விக்ரோறியா டே லோங் வீக்கெண்ட், அதாவது மே மாசம், ஊரே நேர்சரியில நிக்கும். அண்டைக்கு எது பூத்து நிக்குதோ அதைத்தான் எல்லாரும் தூக்குவினம். மேயில பூத்து நிக்கிற கண்டு ஜூனில முடிஞ்சிடும், அதில கண்டில ஒரு பிழையும் இல்ல. ஃபாலில பூக்கிற அஸ்ரர் மே மாசத்தில ஒரு சாடி பச்சை இலையாத்தான் நிக்கும், ஆரும் திரும்பிப் பாக்க மாட்டினம். அதால பூவில்லாத அந்தப் பச்சைச் சாடியை மேயிலயே வேண்டுற ஆக்களுக்குத்தான் ஒக்டோபரில தோட்டம் இருக்கும், நான் சொல்ல வாற விசயத்தில முக்கால்வாசி இதுதான். மேயில நட்டால் ஒரு முழுக் கோடை வேர் ஓடும், முதல் வருசமே பூக்கும், வின்ரரையும் தாங்கும்.

இன்னொரு வழி, செப்டெம்பர் நடுவில ஒருக்கா நேர்சரிக்குப் போய் என்ன பூத்திருக்கு எண்டு கண்ணால பாத்துப் பேரை எழுதிக்கொண்டு வாறது. அந்த நேரம் பெரெனியல் எல்லாம் விலை குறைச்சும் போட்டிருப்பினம்.

கொட்டேஜ் கார்டின் எண்டது இங்கிலாந்துக்காரற்ற பழக்கம்தானே, கனடாக் குளிருக்கு அது சரிவருமோ?

ஒழுங்கா வரிசை கட்டாம, நெருக்கி, உயரம் பதிவு கலந்து, ஒண்டில ஒண்டு சாஞ்சு நிக்கிற மாதிரி வைக்கிற முறை அது. முறை அவையின்ரதுதான், ஆனா ஃபால் சீசனுக்கு அவை நம்பியிருக்கிற பூ எங்க இருந்து போனது எண்டு நினைக்கிறீங்கள்? நியூ இங்லண்ட் அஸ்ரரும் நியூ யோர்க் அஸ்ரரும் வட அமெரிக்காவில தானா வளர்றது. 1700களின்ர தொடக்கத்திலயே நியூ இங்லண்ட் அஸ்ரர் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போயிட்டுது. கேற்றூட் ஜீக்கில் எண்ட பேர்போன தோட்டக்காரி சறேயில தன்ர மன்ஸ்ரட் வுட் வீட்டில செப்டெம்பர் ஒக்டோபருக்கெண்டே அஸ்ரருக்குத் தனிப் பாத்தி வச்சிருந்தவ. கோல்வோல் எண்ட ஊரில ஏர்னெஸ்ட் பலார்ட் நியூ யோர்க் அஸ்ரரில கன புது நிறங்கள் உண்டாக்கினவர். அதே சாதி அஸ்ரர் இங்க 401 நெடுஞ்சாலைக் கரையிலயும் ரயில் பாதைக் கரையிலயும் ஆரும் தண்ணி விடாமலே ஊதா நிறமா நிக்குது. அதால குளிருக்குத் தாங்குமோ எண்ட கேள்வியே இல்ல, இதுதான் அதின்ர சொந்த ஊர்.

சரி, எது எது வேண்டலாம்? பேரைச் சொல்லுங்கோ.

முதல் இடம் அஸ்ரருக்குத்தான், வாதாட்டமே இல்ல. நியூ இங்லண்ட் அஸ்ரர் நாலடி தொடக்கம் ஆறடி வரைக்கும் போகும், ஊதா, ரோஸ், நடுவில மஞ்சள் பொட்டு, செப்டெம்பர் தொடங்கி ஒக்டோபர் நடு வரைக்கும். அவ்வளவு உயரம் வேண்டாம் எண்டா ‘பேர்ப்பிள் டோம்’ எண்ட வகை இருக்கு, ஒண்டரை ரெண்டடிதான், உருண்டையா நிக்கும். கடும் ரோஸ் வேணுமெண்டா ‘அல்மா பொட்ஷ்கே’. எல்லாத்துக்கும் பிந்திப் பூக்கிறது ‘ஒக்டோபர் ஸ்கைஸ்’, இது வேற சாதி, இலையை நசிச்சா வாசம் வரும், வெக்கையும் காஞ்ச மண்ணும் அதுக்குப் பிரச்சினை இல்ல. கடையில சிலவேளை லேபிளில அஸ்ரர் எண்டு இல்லாம சிம்ஃபியோற்றிக்கம் எண்டு நாக்குச் சுளுக்கிற பேர் போட்டிருக்கும், ரெண்டும் ஒண்டுதான், தாவரவியல்காரர் பேரை மாத்திப்போட்டினம்.

அடுத்தது கோல்டன்றொட். களை எண்டு மூக்கைச் சுளிக்காதேங்கோ, வீதிக்கரையில கண்டபடி பரவுற கனடா கோல்டன்றொட்டைத் தோட்டத்துக்க விடாட்டிச் சரி. ‘ஃபயர்வேர்க்ஸ்’ எண்டு ஒண்டு விக்கினம், மூண்டு நாலடி, வளைஞ்சு வளைஞ்சு வெடிவாணம் மாதிரி மஞ்சளாப் பூக்கும். இதை ஊதா அஸ்ரருக்குப் பக்கத்தில வச்சுப் பாருங்கோ, பிறகு வேற நிறச் சேர்க்கை தேடமாட்டீங்கள்.

சீடம் ‘ஓட்டம் ஜோய்’ சோம்பேறியளுக்கு வரப்பிரசாதம். தடிச்ச இலை, தண்ணி விட மறந்தாலும் கோவிக்காது, ஓகஸ்டில இளம் ரோஸா வந்து செப்டெம்பரில சிவந்து ஒக்டோபரில செங்கட்டி நிறத்துக்குப் போய், ஸ்னோ விழுந்தாலும் அப்பிடியே காஞ்சு நிக்கும். ஒரே கண்டு மூண்டு மாசம் மூண்டு நிறம் காட்டுறதெண்டா இதுதான்.

ஹெலினியம் ஜூலை கடைசியில தொடங்கி செப்டெம்பர் வரைக்கும் செம்மஞ்சள், மண்நிறச் சிவப்பு எண்டு வரும். நல்ல வெயிலும் ஈரமும் வேணும், தண்ணி குறைஞ்சா கீழ் இலை எல்லாம் காஞ்சு அலங்கோலமாப் போயிடும். ஜப்பான் அனிமோனி பேருக்குத்தான் ஜப்பான், ஆதி ஊர் சீனா. ‘ஒனொறீன் ஜோபேர்’ எண்ட வெள்ளை வகை 1858ல பிரான்ஸில வந்தது, இண்டைக்கும் அதை மிஞ்ச ஒண்டும் வரேல்ல எண்டுதான் நான் சொல்லுவன். முதல் ரெண்டு வருசம் சும்மா நிக்கும், மூண்டாம் வருசம் பிடிச்சுதெண்டா பிறகு நிப்பாட்டுறதுதான் கஷ்டம். வசந்தத்தில சரியாப் பிந்தித்தான் முளைக்கும், செத்துப்போச்சு எண்டு நினைச்சுக் கிண்டிப்போடாதேங்கோ.

பூவில்லாட்டியும் புல் ஒண்டு வையுங்கோ. ‘கார்ல் ஃபோர்ஸ்ரர்’ நட்டுக்கு நிக்கும், இடம் பிடிக்காது. ஒன்ராரியோவின்ர சொந்தப் புல் லிற்றில் புளூஸ்ரெம், ஃபாலில செம்புநிறமா மாறும்.

மொங்ஸ்ஹூட் எண்டு கடும் நீலத்தில ஒண்டு ஒக்டோபரில பூக்குது, வைக்கலாமோ?

பூ என்னவோ சரியான வடிவுதான், அந்த நீலம் வேற எதிலயும் இல்ல. ஆனா வேர், இலை, பூ எல்லாம் நஞ்சு, அக்கோனிற்றீன் எண்ட விசம். சித்த வைத்தியத்தில வச்சநாபி எண்டு கேள்விப்பட்டிருப்பீங்கள், அதின்ர குடும்பம்தான் இது. சின்னப் பிள்ளையள் ஓடித்திரியிற வீட்டில நான் வைக்கச் சொல்லமாட்டன். வச்சா கையுறை போட்டுத்தான் தொடுங்கோ, முக்கியமா கறிக்கு ஆயிற கீரை, கறிவேப்பிலைச் சாடி, மரக்கறிப் பாத்தி இதுகளுக்குக் கிட்ட வேண்டவே வேண்டாம்.

இந்தக் கண்டுகள் எல்லாம் ஏன் இவ்வளவு பிந்திப் பூக்குது, பசளை போட்டா முந்திப் பூக்குமோ?

பூக்காது. இதுகள் பாத்துக்கொண்டு நிக்கிறது இரவின்ர நீளத்தை. யாழ்ப்பாணத்தில வருசம் முழுக்கப் பகல் கிட்டத்தட்ட பன்ரண்டு மணித்தியாலம், கூடிக் குறைஞ்சா அரை முக்கால் மணித்தியாலம். இங்க ஜூன் 21ல பகல் பதினஞ்சரை மணித்தியாலம், டிசெம்பரில ஒம்பதும் இல்ல. இந்த வித்தியாசத்தை வச்சுத்தான் கண்டு மாசத்தைக் கணக்குப் பிடிக்குது. செவ்வந்தி, அதான் இங்க மம் எண்டிறது, இரவு நீளத் தொடங்கினாப் பிறகுதான் மொட்டுக் கட்டும், அஸ்ரரும் கிட்டத்தட்ட அப்பிடித்தான். இதை 1920ல கார்னர், அலார்ட் எண்ட ரெண்டு அமெரிக்க விஞ்ஞானியள் புகையிலைக் கண்டை வச்சுக் கண்டுபிடிச்சினம்.

இதில உங்களுக்கு உதவுற விசயம் ஒண்டு இருக்கு. மம்மை வாசல் லைட்டுக்குக் கீழயோ ஸ்ரீற் லைட் விடிய விடிய அடிக்கிற இடத்திலயோ வச்சா அதுக்கு இரவு எண்டே தெரியாது, மொட்டுப் பிந்தும், பிந்தினா உறைபனி முந்திடும். பசளை பிழையோ மண் பிழையோ எண்டு தலையைப் பிய்க்கிற கன பேருக்கு லைட்தான் காரணம்.

கடை வாசலில பெரிய உருண்டை மம் சாடி விக்கினமே, அதை வேண்டி மண்ணில நட்டா அடுத்த வருசம் வருமோ?

பெரும்பாலும் வராது. அது பூத்து முடியிற நிலையில இருக்கிற கண்டு, இருக்கிற சக்தி எல்லாம் பூவுக்குப் போட்டுது, ஒக்டோபரில நட்டா வேர் ஓட நேரமே இல்ல. தாங்ஸ்கிவிங்குக்கு வாசலில வைக்க வடிவெண்டா வேண்டுங்கோ, பூச்செண்டு வேண்டின கணக்கெண்டு நினைச்சுக்கொண்டு வேண்டுங்கோ. காப்பாத்தத்தான் வேணுமெண்டு நிண்டா செப்டெம்பர் தொடக்கத்திலயே, மொட்டா இருக்கேக்க வேண்டி, உடன மண்ணில வச்சு, தண்டை வெட்டாம விட்டு, நிலம் உறைஞ்சாப் பிறகு மேல இலைச்சருகு போட்டு மூடுங்கோ.

உண்மையா வருசா வருசம் வாற செவ்வந்தி வேணுமெண்டா ‘ஷெஃபீல்ட் பிங்க்’ கேட்டு வேண்டுங்கோ, ஒக்டோபரில பீச்சுப்பழ நிறத்தில ஒற்றை இதழாப் பூக்கும். ‘கிளாறா கேர்ற்றிஸ்’ கொஞ்சம் முந்திப் பூக்கும், ரோஸ். மனிற்றோபாவில மோர்டன் எண்ட ஊர் ஆராய்ச்சி நிலையத்தில உண்டாக்கின மோர்டன் மம் வகையளும் குளிர் தாங்கும். எல்லாத்தையும் வசந்தத்தில நடுங்கோ.

கோல்டன்றொட் வச்சா வீட்டில எல்லாருக்கும் தும்மலும் மூக்கோட்டமும் வரும் எண்டு சொல்லுகினம், உண்மையோ?

பாவம் அந்தக் கண்டு, வேற ஆளின்ர குற்றத்துக்கு மறியல் இருக்குது. தும்மல் குடுக்கிறது ராக்வீட் எண்ட களை. அதின்ர பூ பச்சை, கண்ணில படாது, மகரந்தம் தூசு மாதிரிக் காத்தில போகும். கோல்டன்றொட்டின்ர மகரந்தம் பாரம், ஒட்டும், தேனீ தூக்கிக்கொண்டு போனாத்தான் உண்டு. ரெண்டும் ஓகஸ்ட் செப்டெம்பரில ஒரே நேரம் பூக்கிறதால பளிச்செண்டு தெரியிற மஞ்சள் மேல பழி விழுந்திட்டுது.

என்ர அஸ்ரரும் சீடமும் பூக்கிற நேரம் பாத்து நடுவால பிளந்து விழுந்து போகுது, தடி குத்திக் கட்டவேணுமோ?

கட்டலாம், ஆனா கட்டின கண்டு கட்டின மாதிரித்தான் தெரியும். இங்கிலாந்தில செல்ஸி பூக் கண்காட்சி நடக்கிற மே கடைசியில கண்டைப் பாதியா வெட்டி விடுவினம், அதைச் செல்ஸி சொப் எண்டு சொல்லுறது. எங்கட பக்கம் மே கடைசியில இருந்து ஜூன் நடுவுக்குள்ள செய்யுங்கோ. அஸ்ரர் முழங்கால் உயரம் வந்திருக்கும், கத்தரிக்கோலால மேல இருந்து மூண்டில ஒரு பங்கோ பாதியோ வெட்டுங்கோ, வெட்டு ஒரு இலைக்கணுவுக்குச் சற்று மேல விழவேணும். பாக்க மொட்டையா மனசுக்குக் கஷ்டமா இருக்கும், ரெண்டு கிழமையில அந்த வெட்டுக்குக் கீழ ஒவ்வொரு கணுவிலயும் புதுக் கிளை வரும், ஒரு தண்டு நின்ற இடத்தில மூண்டு நாலு தண்டு. கண்டு பதிவா, தடிப்பா நிக்கும், பூவும் கூட, பூக்கிறது மட்டும் ஒண்டு ரெண்டு கிழமை பிந்தும்.

இதில ஒரு விளையாட்டு இருக்கு: பெரிய கண்டெண்டா முன்பக்கத் தண்டுகளை மட்டும் வெட்டி பின்பக்கத்தை விடுங்கோ. பின்னுக்கு உயரமா முந்திப் பூக்கும், முன்னுக்குப் பதிவாப் பிந்திப் பூக்கும், ஒரே கண்டில கூட நாள் பூ. கீழ மொட்டையா நிக்கிற காலும் மறைஞ்சிடும்.

கனடா டே, அதாவது ஜூலை 1க்குப் பிறகு கத்தரிக்கோலை உள்ள வையுங்கோ. ஜூலை நடுவில வெட்டினா மொட்டையும் சேத்து வெட்டின மாதிரி. ஹெலினியம், மம் எல்லாத்துக்கும் இது சரி, ஜப்பான் அனிமோனிக்கும் மொங்ஸ்ஹூட்டுக்கும் செய்யாதேங்கோ. சீடத்தில வெட்டின துண்டை எறியாம ஈர மண்ணில குத்தி விடுங்கோ, வேர் பிடிக்கும்.

எங்கட வீட்டில ஆடு மாட்டுப் பசளை மூட்டை மூட்டையா போடுறம், அது நல்லதுதானே அக்கா?

கத்தரிக்கும் மிளகாய்க்கும் நல்லது. அஸ்ரருக்கும் சீடத்துக்கும் கூடினா கெடுதல், விழுந்து போறதுக்கு அரைவாசிக் காரணம் அதுதான். சாப்பாடு கூடினா தண்டு நீளமா மெத்தெண்டு வளரும், பிறகு ஒரு மழைக்கே படுத்திடும். புதுச் சப்டிவிஷன் வீடுகளில பிரச்சினை வேற. கட்டேக்க மேல் மண்ணை வழிச்செடுத்துப் போட்டு நாலு அங்குல மண்ணும் புல்லும் விரிச்சு விட்டிருப்பினம், கீழ வெறும் களி. மண்வெட்டியால வெட்டினா சோப்புக் கட்டி மாதிரி வழுவழுப்பா வரும். அப்பிடியான இடத்தில நடுறதுக்கு முதல் கொம்போஸ்ற் நல்லாப் போட்டுக் கிளறுங்கோ, அதுக்குப் பிறகு வருசத்தில ஒருக்கா வசந்தத்தில ஒரு அங்குலம் மேலால தூவினாக் காணும். யூரியா, நீலக் கல்லுப் பசளை ஒண்டும் தேவையில்ல.

தண்ணி முதல் வருசம் மட்டும் கவனம், கிழமைக்கு ரெண்டு தரம் வேரடியில ஆழமா. இலைக்கு மேல தெளிச்சா வருத்தம் வரும்.

எப்ப நடுறது, உறைபனி எப்ப வரும்?

மே நடுவில இருந்து ஜூன் முதல் கிழமை வரைக்கும் முதல் சொய்ஸ். தவறினா செப்டெம்பர், கடைசிக் கெடு ஒக்டோபர் நடு. நிலம் உறையிறதுக்கு முதல் ஆறு கிழமையாவது வேருக்குக் கிடைக்கவேணும். ஏரிக்கரையோட இருக்கிற ஆக்களுக்கு ஒக்டோபர் கடைசி வரைக்கும் உறைபனி வராமப் போகலாம், ஒன்ராரியோ ஏரி கோடைச் சூட்டைப் பிடிச்சு வச்சிருக்கும். வடக்க ஸ்ரூஃப்வில், நியூமார்க்கெற் பக்கம் ஒக்டோபர் தொடக்கத்திலயே வந்திடும். மெல்லிய உறைபனிக்கு அஸ்ரரும் செவ்வந்தியும் அசையாது, தக்காளி கறுத்துப்போன அண்டு காலமையும் பூத்துக்கொண்டுதான் நிக்கும்.

முன்பக்கம் நாலடிக்குப் பத்தடிதான் இடம், எப்பிடி அடுக்கிறது?

தாராளமாக் காணும். சுவர்ப்பக்கம் ஒரு உயரமான நியூ இங்லண்ட் அஸ்ரர், ஒரு கார்ல் ஃபோர்ஸ்ரர் புல். நடுவில ஒரு ஃபயர்வேர்க்ஸ், ஒரு ஹெலினியம். முன்னுக்கு மூண்டு பேர்ப்பிள் டோம், ரெண்டு சீடம். கண்டுக்குக் கண்டு ஒண்டரை தொடக்கம் ரெண்டடி. ஒவ்வொண்டிலயும் ஒண்டு வாங்கிக் கண்காட்சி மாதிரி வைக்கிற பழக்கம் எங்கட ஆக்களிட்ட இருக்கு, அதைவிடச் சாதியைக் குறைச்சு ஒரே கண்டை மூண்டு நாலா வைக்கிறது எவ்வளவோ வடிவு. வசந்தத்தில இடம் வெறுமையா இருக்கும் எண்டு யோசிச்சா ஒக்டோபரில கண்டுக்கிடையில டஃபடில் கிழங்கு தாழுங்கோ, ஏப்ரல் மேயில அது பூத்து முடிய அஸ்ரர் எழும்பி அதின்ர காஞ்ச இலையை மறைச்சிடும். கோடைக்குக் கற்மின்ற் ஒண்டு ஓரத்தில போட்டுவிடலாம்.

வடக்குப் பாத்த வீடு, வெயில் வராது.

புளூ வுட் அஸ்ரர், ஸிக்ஸாக் கோல்டன்றொட் ரெண்டும் ஒன்ராரியோக் காட்டு நிழலில தானா வளர்றதுகள், ரெண்டையும் கலந்து வையுங்கோ. ஈரம் இருந்தா ஜப்பான் அனிமோனி, ரேர்ட்டில்ஹெட். ரோட் லில்லியைக் கிட்டப் போய்ப் பாத்தாத்தான் அதின்ர ஊதாப் புள்ளி தெரியும், அதால வாசல்படிக் கரையில வையுங்கோ, தூரத்தில வச்சா காசு வீண். சீடம், ஹெலினியம், மம் நிழலில சரிவராது.

இலையில மா பூசின மாதிரி வெள்ளையா வருது. முயலும் கடிக்குது.

வெள்ளை படர்றது ஒரு பூஞ்சணம், பவுடரி மில்டியூ. காத்தோட்டம் இல்லாமலும் வேர் காஞ்சும் இருந்தா வரும். கண்டைக் கொல்லாது, வசந்தத்தில நெருக்கமா வாற தண்டில மூண்டில ஒண்டை அடியோட வெட்டி விடுங்கோ, காத்துப் போகும். மருந்தடிக்கிற யோசினையை விடுங்கோ, ஒன்ராரியோவில 2009 ஏப்ரலில இருந்து வீட்டுத் தோட்ட அழகுக்கு இரசாயன மருந்து அடிக்கிறது கன வகைக்குத் தடை.

முயல் மேயில அஸ்ரரின்ர குருத்தைக் கடிச்சா அழாதேங்கோ, செல்ஸி சொப் அது இலவசமாச் செய்து தந்திட்டுது. திரும்பத் திரும்பக் கடிச்சா மட்டும் ஜூன் வரைக்கும் கோழிக்கூட்டு வலையால சுத்தி விடுங்கோ.

பூத்து முடிஞ்சா எல்லாத்தையும் வெட்டித் துப்பரவாக்க வேணாமோ? அயலட்டை என்ன சொல்லும்?

வேண்டாம். நவம்பரில கூட்டிப் பெருக்கி வழிச்சு விடுற பழக்கத்தை இந்த ஒரு பாத்தியில விடுங்கோ. விதையைக் கோல்ட்ஃபிஞ்ச் குருவி வந்து தின்னும், காஞ்ச தண்டுக்க சின்னத் தேனீயள் கிடக்கும், தண்டு ஸ்னோவைப் பிடிச்சு வச்சிருந்தா வேருக்கும் போர்வை. ஏப்ரல் கடைசியில, பகல் ஒழுங்காப் பத்துப் பாகைக்கு மேல போனாப் பிறகு வெட்டுங்கோ, அதுவும் அடியோட இல்லாம ஒரு அடி விட்டு.

அயலட்டைக்கு இது பராமரிக்கிற தோட்டம் எண்டு தெரிஞ்சாக் காணும். ஓரத்தை மட்டும் நேரா, துப்பரவா வெட்டி வையுங்கோ, நடைபாதைப் பக்கம் சாயிறதை நறுக்குங்கோ. ரொறன்ரோவில 20 சென்ரிமீற்றர் உயரச் சட்டம் புல்லுத் தரைக்கு, நட்டு வளர்க்கிற பூக்கண்டுக்கு இல்ல. வேற சிற்றியெண்டா அந்தச் சிற்றியின்ர பைலோவைப் பாருங்கோ.

செப்டெம்பரில செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சி கூட்டமா வருது, அது மொனார்க்கோ?

அதேதான். மெக்ஸிக்கோவுக்குப் போற வழி, இங்க இருந்து 3000 கிலோமீற்றருக்கு மேல. போற வழியில தேன் குடிச்சுக் கொழுப்புச் சேக்கவேணும், அதுக்கு அந்த நேரம் இருக்கிறது அஸ்ரரும் கோல்டன்றொட்டும்தான். முட்டை போடுறதுக்கு மில்க்வீட் எண்ட கண்டு வேணும், அது கோடைக் கதை.

ஸ்காபரோ ஆக்கள் தெரிஞ்சிருக்கவேண்டிய விசயம் ஒண்டு: இந்தப் பூச்சி வின்ரரில எங்க போகுது எண்டதைத் தேடினவர் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின்ர ஸ்காபரோ கம்பஸில படிப்பிச்ச பேராசிரியர் ஃப்ரெட் ஊர்க்கார்ட், மனுசி நோறாவும் சேந்து. செட்டையில சின்னச் சின்ன லேபிள் ஒட்டி, கண்ட ஆக்கள் அறிவிக்கச் சொல்லி, கனக் காலம். கடைசியில 1975 ஜனவரியில அவையோட சேந்து தேடின கென் புறக்கரும் கற்றலீனா அகுவாடோவும் மெக்ஸிக்கோ மலைக்காட்டில மரம் முழுக்க அப்பியிருந்த பூச்சியளைக் கண்டவை. நீங்கள் காலமை பஸ்ஸுக்கு நிக்கிற எல்ஸ்மியர் பக்கத்தில இருந்து தொடங்கின கதை அது.

நவராத்திரி நேரம்தானே எல்லாம் பூக்குது, சாமிக்கு வெட்டி வைக்கலாமோ?

செவ்வந்திக்கு நிகர் இல்ல, அது எங்களுக்குத் தெரிஞ்சதுதான். சீடம் தண்ணியில கிழமைக்கணக்கா நிக்கும், கோல்டன்றொட் கும்பத்துக்குப் பக்கத்தில நிரப்ப நல்லது. நியூ இங்லண்ட் அஸ்ரர் மட்டும் ஏமாத்தும், இரவில இதழை மூடுற பூ அது, வெட்டினாலும் சுருங்கிடும், அதைத் தோட்டத்திலயே விடுங்கோ. அனிமோனி இதழ் கொட்டும். மொங்ஸ்ஹூட்டைச் சாமியறைக்குள்ள கொண்டு வரவே வேண்டாம்.

கார்த்திகைப்பூ இங்க நிலத்தில வருமோ?

நிலத்தில வராது, கிழங்கு உறைஞ்சு அழுகிடும். சாடியில வரும். மார்ச்சில வீட்டுக்குள்ள வெளிச்சமான யன்னலுக்குக் கிட்டக் கிழங்கைப் படுக்க வச்சு ரெண்டு அங்குல மண் மூடி, ஜூனில வெளியில எடுத்து ஏற ஒரு கம்பி வலை குடுங்கோ, இலை நுனியே சுருண்டு கம்பியைப் பிடிக்கும். ஆனா ஊரில மாதிரி மாரியோட கார்த்திகையில பூக்காது, இங்க கோடையிலதான் பூக்கும். செப்டெம்பர் கடைசியில இலை மஞ்சளாக உள்ள எடுத்து, தண்ணியை நிப்பாட்டி, காஞ்ச மண்ணோட குளிர் படாத பேஸ்மென்றில வையுங்கோ. கிழங்கு கொடிய நஞ்சு, மரவள்ளி, இஞ்சி வைக்கிற இடத்துக்குக் கிட்ட வைக்காதேங்கோ, பேர் எழுதி ஒட்டுங்கோ.

கொண்டோ பல்கனியில செய்யலாமோ?

பேர்ப்பிள் டோம், சீடம், சின்னப் புல் ஒண்டு, மூண்டும் பெரிய சாடியில வரும். சாடியில வேர் நாலாப் பக்கமும் குளிர் வாங்கிறதால உங்கட ஸோனைவிட ரெண்டு நம்பர் குறைஞ்ச கண்டா எடுங்கோ, மண்சாடி வெடிக்கும், பிளாஸ்ரிக் இல்லாட்டி மரப்பெட்டி பாவியுங்கோ.

விதையில இருந்து வளர்க்கலாமோ, இல்லாட்டி ஆரிட்டயும் பிரிச்சு வாங்கலாமோ?

அஸ்ரர் விதைக்குக் குளிர் பட்டால்தான் முளைக்கும். டிசெம்பரில ஒரு பெரிய தண்ணி ஜக்கை இடுப்பால வெட்டி, அடியில ஓட்டை போட்டு, நாலு அங்குல மண்ணில விதையைத் தூவி, மேல் பாதியைத் திரும்ப வச்சு ஒட்டி, ஜக்கின்ர வாய் மூடியை மட்டும் கழட்டி ஸ்னோவுக்க விட்டிடுங்கோ. பால் பையில வாற ஊரில பால் ஜக் தேடி அலையாதேங்கோ. ஏப்ரல் மேயில தானா முளைக்கும். ஆனா ‘பேர்ப்பிள் டோம்’ மாதிரிப் பேர் வச்ச வகையள் விதையில அப்பிடியே வராது, பிரிச்சுத்தான் எடுக்கவேணும்.

பிரிக்கிறது வசந்தத்தில, குருத்து நாலு அங்குலம் வந்த நேரம். மூண்டு வருசத்துக்கு ஒருக்காப் பிரிக்காட்டி அஸ்ரர் நடுவில கட்டையாகிச் செத்து வளையம் மாதிரி நிக்கும். முழுக் கண்டையும் கிண்டி எடுத்து, வெளிப்பக்கத்துக் குருத்துகளை வேரோட கைப்பிடி அளவில வெட்டி, நடுக் கட்டையை எறிஞ்சிட்டு, மிச்சத்தைத் திரும்ப நடுங்கோ. ஒரு கண்டில எட்டுப் பத்து வரும், ஒருத்தருக்கும் அவ்வளவு தேவைப்படாது. அதால மே மாசம் அயலுக்க அஸ்ரர் வச்சிருக்கிற வீட்டுக் கதவைத் தட்டிக் கேளுங்கோ, சந்தோசமாத் தருவினம், பேப்பரில சுத்திக்கொண்டு வந்து அண்டைக்குப் பின்னேரமே நட்டுத் தண்ணி விடுங்கோ.